சூத்திரப் புத்தகமும் சிலேட்டும் – கணித மேதை இராமானுஜன்

மலருக்குக் கட்டுரை கேட்டதும் பலர் தலைவர்களைப் பற்றியும் விஞ்ஞானிகளைப் பற்றியும் பெயர் கொடுத்துவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது சீனிவாச இராமானுஜன். இவரைப் பற்றி எழுத என்ன புதுசா இருக்கு என்று கேட்பீர்கள். 1729 என்ற டாக்சி நம்பர் கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஒன்றின் கனத்தையும் பன்னிரண்டின் கனத்தையும் கூட்டினாலும் 1729, ஒன்பதின் கனத்தையும் பத்தின் கனத்தையும் கூட்டினாலும் 1729. அந்தக் கதையை நான் மறுபடி சொல்லப் போவதில்லை. அவர் படித்த ஒரு சூத்திரப் புத்தகத்தைப் பற்றியும், அதை அவர் படித்த முறையைப் பற்றியும்தான் சொல்லப் போகிறேன்.

ஏன் என்றால் நாமும் சூத்திரத்தால் பிழைத்து வந்தவர்கள்தான்! பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம் நம் கையில் இருந்தது என்ன? கையேட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் முக்கிய சூத்திரங்கள். அதைத் தனியாக எழுதிச் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டி, எழுந்ததும் படுத்ததும் அதையே பார்த்தோம். கூட்டுத் தொடரின் கூடுதல், இருபடிச் சமன்பாட்டின் மூலம், கூம்பின் கன அளவு, சைன் காஸ் டேன் அட்டவணை... எல்லாம் அந்த ஒரு தாளில். அந்தக் கையேடுகளில் பாதிக்கு மேல் நம் சிவகாசியில் அச்சானவையாகத்தான் இருக்கும்! நம் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது. அதற்குப் பின்னால் இரவுப் படிப்பும் தினசரி சூத்திரத் தேர்வும் உண்டு. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அதனால்தான் நாம் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

ஆனால் சூத்திரத்தை மனப்பாடம் செய்வது ஒன்று, சூத்திரத்தோடு பழகுவது வேறொன்று. இந்த வித்தியாசத்தை இராமானுஜனின் வாழ்க்கையைப் போல வேறு எதுவும் சொல்லித் தராது.

பிறப்பும் பள்ளியும்

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், தாயார் கோமளத்தம்மாளின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு. தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு ஜவுளிக் கடையில் குமாஸ்தா. மாதச் சம்பளம் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும் குடும்பம். வீட்டில் கல்லூரி மாணவர்களை வாடகைக்கு வைத்திருந்தார்கள்.

1897-இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதல் மாணவனாக வந்தார். 1898-இல் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் கேட்டுக் கேட்டு அவர்களுக்குத் தெரிந்த கணக்கை எல்லாம் கறந்துவிட்டார். பிறகு லோனி என்பவர் எழுதிய முக்கோணவியல் புத்தகம் கிடைத்தது. அது கல்லூரி மாணவர்களுக்கானது. அதைப் பதின்மூன்று வயதிலேயே முடித்துவிட்டார்!

முக்கோணவியலில் சைன், காஸ் இரண்டையும் முக்கோணமே இல்லாமல் முடிவிலாத் தொடராக எழுதலாம் என்று அவரே கண்டுபிடித்தார். சந்தோஷம் தாங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஆய்லர் என்ற மேதை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அதைச் சொல்லிவிட்டார் என்று. பையனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுதிய தாள்களை வீட்டுக் கூரையில் சொருகி மறைத்துவிட்டாராம். ஐரோப்பாவின் மேதை கண்டதை கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் தானாகக் கண்டான் என்றால், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் அப்படி எடுத்துச் சொல்ல அங்கே அவருக்கு ஆள் இல்லை.

கார் எழுதிய புத்தகம்

1903-இல், பதினைந்து பதினாறு வயதில், ஒரு நண்பர் மூலமாகக் கல்லூரி நூலகத்துப் புத்தகம் ஒன்று இராமானுஜன் கைக்கு வந்தது. எழுதியவர் ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார். இவர் பெரிய கணித மேதை எல்லாம் கிடையாது. லண்டனில் தனிப்பயிற்சி கொடுத்த ஆசிரியர். சுருக்கமாகச் சொன்னால், டியூஷன் வாத்தியார்! கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரைபாஸ் என்ற கடினமான கணிதத் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்வதில் பழகியவர். அந்த அனுபவத்தில் அவர் தொகுத்த புத்தகத்தின் முதல் பாகம் 1880-லும் இரண்டாம் பாகம் 1886-லும் வெளிவந்தன.

அந்தப் புத்தகத்தில் என்ன இருந்தது? ஏறத்தாழ ஐயாயிரம் சூத்திரங்கள்! இயற்கணிதம், முக்கோணவியல், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், பகுமுறை வடிவியல் எல்லாம் வரிசையாக எண் போட்டு அடுக்கியிருந்தன. பல சூத்திரங்களுக்கு நிறுவல் கிடையாது. சிலவற்றுக்கு ஒரு வரிக் குறிப்பு, அவ்வளவுதான். அதாவது நண்பர்களே, அது ஒரு கைடு! தேர்வுக்கு முன்னால் ஒரு புரட்டு புரட்டிக்கொள்ள எழுதிய புத்தகம். உலகத்தில் வேறு எவரும் அதை மகா காவியமாக நினைக்கவில்லை. இராமானுஜன் படித்திராவிட்டால் இன்று காரின் பெயரை யாரும் சொல்லவே மாட்டார்கள்.

இராமானுஜன் அதை எப்படிப் படித்தார் என்பதுதான் விஷயம். அவர் ஒவ்வொரு சூத்திரத்தையும் பார்த்து, இது ஏன் சரி என்று தானே நிரூபிக்க உட்கார்ந்தார். கையில் வேறு துணைப் புத்தகம் இல்லை. கேட்க ஆசிரியர் இல்லை. ஆகவே ஒவ்வொரு சூத்திரமும் அவருக்கு ஒரு புதிய ஆராய்ச்சியாகவே இருந்தது. ஒன்றை நிரூபிக்கும்போது வழியில் இன்னும் இரண்டு மூன்று அவருக்கே தோன்றும். அவை காரின் புத்தகத்தில் இருக்காது. அவற்றைத் தன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். நிறுவல் இல்லாத குறை, அவர் கையில் பயிற்சியாக மாறிவிட்டது.

சிலேட்டும் முழங்கையும்

இன்று நமக்கு நோட்டு ஒரு பொருட்டே இல்லை. சிவகாசியில் நோட்டு தைக்கும் கூடங்களில் வெட்டி எறிகிற ஓரத் தாளே மூட்டை மூட்டையாகக் கிடக்கும். இராமானுஜனுக்குக் காகிதம் வாங்கக் காசு இல்லை. அதனால் பெரிய சிலேட்டில் கணக்குப் போடுவார். அழிக்கத் துணி எடுக்கவும் நேரம் இல்லை. முழங்கையாலேயே அழிப்பார். முழங்கை கறுத்துப் போயிருக்குமாம். விடை வந்ததும் அந்த விடையை மட்டும் நோட்டில் எழுதுவார். நடுவில் உள்ள படிகள் சிலேட்டோடு அழிந்து போகும்.

இதன் விளைவு என்ன தெரியுமா? அவருடைய நோட்டுகளும் காரின் புத்தகம் மாதிரியே ஆகிவிட்டன. சூத்திரம் இருக்கும், நிறுவல் இருக்காது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள்! அவற்றுக்கு எல்லாம் நிறுவல் கண்டுபிடிக்கப் பின்னால் வந்தவர்கள் படாதபாடு பட்டார்கள். அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் இதற்காகவே பல ஆண்டுகள் உழைத்து, 1985 முதல் 1998 வரை ஐந்து பெரிய தொகுதிகள் வெளியிட்டார்.

மூன்று என்ற விடை

இராமானுஜன் கணக்கு என்றால் நமக்கு எட்டாது என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றை மட்டும் இங்கே போட்டுப் பார்ப்போம். பத்தாம் வகுப்புச் சூத்திரம் ஒன்று போதும். ஏ ஸ்கொயர் மைனஸ் பி ஸ்கொயர் என்று நாம் பாட்டு மாதிரி சொல்வோமே, அதேதான். இரண்டு எண்களின் வர்க்கங்களின் வித்தியாசம், அவற்றின் கூடுதலை வித்தியாசத்தால் பெருக்கியதற்குச் சமம்.

1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் இராமானுஜன் வாசகர்களுக்கு ஒரு கேள்வி கொடுத்தார். இதன் மதிப்பு என்ன என்று கேட்டார்:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...))))

வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று, முடிவே இல்லாமல் போகிறது. மாதங்கள் ஓடின. இதழ்கள் வந்தன. யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார். விடை வெறும் 3!

எப்படி? மூன்றிலிருந்து தொடங்குங்கள். 3 என்பது √9. அந்த 9 = 1 + 8. நம் சூத்திரப்படி 3-இன் வர்க்கத்திலிருந்து 1-இன் வர்க்கத்தைக் கழித்தால் 2 × 4. ஆகவே 3 = √(1 + 2 × 4). இப்போது அந்த 4-ஐப் பாருங்கள். 4 = √16 = √(1 + 3 × 5). அந்த 5 = √25 = √(1 + 4 × 6). அந்த 6 = √(1 + 5 × 7). ஒவ்வொரு தடவையும் கடைசி எண்ணை எடுத்துவிட்டு அதன் இடத்தில் அடுத்த வர்க்கமூலத்தை வையுங்கள். கேள்வியில் உள்ள அதே தொடர் வந்துவிடும்.

நம்பாதவர்கள் கால்குலேட்டரை எடுங்கள். தொடரை 3-ஓடு நிறுத்தினால் 2.24 வரும். 4 வரை போனால் 2.56. 5 வரை போனால் 2.76. போகப் போக 3-ஐ நெருங்கிக்கொண்டே இருக்கும்.

இதைப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், இதில் எனக்குத் தெரியாத சூத்திரம் ஒன்றுகூட இல்லை! நம் சுவரில் ஒட்டியிருந்த அதே வரிதான். நாம் அதைக் கேள்வியில் போட்டு ஐந்து மார்க் வாங்கினோம். அவர் அதை விடாமல் தொடர்ந்து போய் முடிவில்லாத இடம் வரைக்கும் பார்த்துவிட்டார்.

இன்னொன்று. நம் மெக்கானிக்கல்காரர்கள் லேத்தில் கட்டிங் ஸ்பீடு போடுகிறோம். பை டி என் பை ஆயிரம். இதில் எந்தப் பை மூணு புள்ளி ஒண்ணு நாலு, எந்தப் பை வகுத்தல் என்று முதல் செமஸ்டரில் நாம் பட்ட பாடு நினைவிருக்கும்! அந்தப் பைக்கு இருபத்திரண்டு வகுத்தல் ஏழு என்று போட்டால் இரண்டு தசம இடம்தான் சரியாக வரும். இராமானுஜன் ஒரு வழி கொடுத்தார். 2143-ஐ 22-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, மறுபடியும் வர்க்கமூலம் எடுங்கள். எட்டுத் தசம இடம் வரை பையின் மதிப்பு சரியாக வரும். அதே 1914 கட்டுரையில் அவர் கொடுத்த ஒரு தொடரை வைத்து 1985-இல் கம்ப்யூட்டரில் பையின் மதிப்பை ஒரு கோடியே எழுபது லட்சம் இலக்கங்களுக்கு மேல் கணக்கிட்டார்கள்.

தோல்வி

இனி வருவது கசப்பான பகுதி. 1904-இல் பள்ளியை முடித்தபோது கணிதத்துக்கான பரிசு அவருக்குத்தான். உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் மனம் முழுவதும் கணக்கிலேயே போய்விட்டது. ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை போயிருச்சு. 1905-இல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப் போனார்.

1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். உடம்பு சரியில்லாமல் போனது. எஃப்.ஏ. தேர்வில் கணிதத்தில் பிரகாசித்தார், மற்றதில் கோட்டை விட்டார். குறிப்பாக உடலியல் பாடம் அவருக்கு ஒத்துவரவே இல்லை. 1907-இல் தனித்தேர்வராக எழுதினார். மறுபடியும் தோல்வி. அத்துடன் கல்லூரிப் படிப்பு முடிந்தது.

அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த இடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். இராமானுஜனே ஃபெயில், நாமெல்லாம் எம்மாத்திரம் என்று ஹாஸ்டலில் சொல்லிக்கொள்வது வழக்கம். அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தோற்றதால் அவர் மேதை ஆகவில்லை. தோல்வி அவருக்கு ஏழு வருடத்தைத் தின்றது. பட்டம் இல்லை, வேலை இல்லை, நல்ல சாப்பாடு இல்லை. டியூஷன் எடுத்துப் பிழைக்கப் பார்த்தார். சிலபஸை விட்டு அவர் எங்கோ போய்விடுவார், அதனால் மாணவர்கள் நிற்கவில்லை. 1909-இல் சிறுமி ஜானகியோடு திருமணம் நடந்தது. 1910-இல் ஓர் அறுவை சிகிச்சை. அந்தக் கட்டணத்துக்குக் காசில்லாமல் ஒரு டாக்டர் இலவசமாகச் செய்ததால் பிழைத்தார். ஒருவரது இருபது வயதின் நல்ல வருடங்கள் இப்படிப் போவதில் பெருமை ஏதும் கிடையாது.

கை கொடுத்தவர்கள்

1910-இல் நோட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி.ராமசாமி ஐயர். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-இல் தொடங்கியவர் இவரே. இராமானுஜன் கேட்டது தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர், இந்தத் திறமையை அந்த வேலையில் போட்டு மூடிவிடக்கூடாது என்று நினைத்துச் சென்னையில் உள்ள கணித நண்பர்களிடம் அனுப்பினார். அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் வரை போய்ச் சேர்ந்தார். அவர் மாதம் 25 ரூபாய் தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார்.

1912 மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய். அங்கே நாராயண ஐயர் என்ற மேலதிகாரி தானும் கணிதம் படித்தவர். இரவு நேரத்தில் இராமானுஜனோடு சேர்ந்து உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போடுவாராம். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார்.

இங்கிலாந்துப் பேராசிரியர்கள் இருவருக்கு எழுதிப் பயன் கிடைக்கவில்லை. 1913 ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள் அதில் இருந்தன. பட்டம் இல்லாத குமாஸ்தா என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். ஹார்டி அதைத் தன் நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்தார். சில சூத்திரங்கள் ஏற்கெனவே தெரிந்தவை, சில கஷ்டப்பட்டு நிரூபிக்கக்கூடியவை, சில அவர் வாழ்நாளில் பார்த்தே இராதவை. எழுதியவர் சாதாரண ஆள் இல்லை என்று முடிவுக்கு வந்தார்.

அந்த வருடமே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. எஃப்.ஏ. தேறாதவருக்குப் பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பணம்! 1914 மார்ச் 17-ஆம் நாள் கப்பல் ஏறினார்.

எண்ணிப் பாருங்கள். ராமசாமி ஐயர், ராமச்சந்திர ராவ், நாராயண ஐயர், ஸ்பிரிங், ஹார்டி. இதில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அந்த நோட்டுகள் கும்பகோணத்து வீட்டுப் பரணில் கரையான் தின்று போயிருக்கும். அப்படிப் போன நோட்டுகள் நம் நாட்டில் எத்தனையோ, யாருக்குத் தெரியும்?

ஹார்டி கேட்ட நிறுவல்

ஹார்டி முதல் பதிலிலேயே நிறுவல்களை அனுப்பும்படி கேட்டிருந்தார். அதில் நியாயம் இருந்தது. இராமானுஜன் கடிதத்தில் பகா எண்களின் எண்ணிக்கையைத் துல்லியமாகச் சொல்லும் ஒரு சூத்திரமும் இருந்தது. சிறிய எண்களுக்கு அது வியக்கத்தக்க அளவு பொருந்தியது. ஆனால் அவர் நினைத்த அளவு துல்லியம் அதில் இல்லை, அது தவறு! மேதையின் உள்ளுணர்வும் சில நேரம் சறுக்கும். சறுக்கியதைக் காட்டுவது நிறுவல்தான்.

கேம்பிரிட்ஜில் ஐந்து வருடம் இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். அதில் ஒரு கணக்கை நம் ஊர் முறையில் சொல்கிறேன். நான்கு சரவெடியைக் கட்டுகளாகப் பிரிக்க வேண்டும். எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? நான்கும் ஒரே கட்டு. மூன்றும் ஒன்றும். இரண்டும் இரண்டும். இரண்டு, ஒன்று, ஒன்று. நான்கும் தனித்தனி. ஆக 5 விதம். ஐந்து சரமானால் 7 விதம். நூறு சரமானால்? 19 கோடியே 5 லட்சத்துக்கும் மேல்! இருநூறானால் 3972999029388 விதம். இதை மக்மாகன் என்பவர் கையாலேயே கணக்கிட்டார். 1918-இல் ஹார்டியும் இராமானுஜனும் வெளியிட்ட சூத்திரம் இதே எண்ணைக் கொடுத்தது.

1916-இல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது. 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். அந்தக் கல்லூரியில் அந்தப் பதவி பெற்ற முதல் இந்தியர் அவர். ஆனால் முதல் உலகப் போர், குளிர், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், தனிமை எல்லாம் சேர்ந்து உடம்பைக் குலைத்துவிட்டன. 1917-இலிருந்து மருத்துவமனை மாற்றி மருத்துவமனை. காசநோய் என்று வைத்தியம் பார்த்தார்கள். பிற்காலத்தில் ஆராய்ந்தவர் ஒருவர், அது கல்லீரலில் அமீபா கிருமியால் வந்த நோயாக இருக்கலாம் என்றும் கருதினார்.

1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். படுக்கையில் இருந்தபடியே கணக்குப் போட்டார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னை சேத்துப்பட்டில் மறைந்தார். வயது 32. அந்தக் கடைசி ஒரு வருடத்தில் எழுதிய தாள்கள் எங்கோ கிடந்து, 1976-இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்பவர் கண்ணில் பட்டன. இன்றும் அவற்றின்மீது ஆராய்ச்சி நடக்கிறது.

நம் ஊரும் நாமும்

இனி என் பக்கத்து விஷயம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போனவர்கள், பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் ஒரு குரோசுக்கு 144 பெட்டி, இந்த வாரம் இத்தனை குரோஸ், கூலி இவ்வளவு, பிடித்தது போக மிச்சம் இவ்வளவு என்று மனசுக்குள்ளேயே போட்டுவிடுவார்கள். கணக்குப் பிள்ளை நோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அம்மா விடை சொல்லியிருப்பார்கள். பன்னிரண்டு டஜன் ஏன் 144 என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெட்டியை அடுக்கிப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

அப்பா பயர் ஆபீஸில் வேலை பார்க்கிறார்கள். அங்கேயும் சூத்திரங்கள் உண்டு. செருப்புப் போடாதே, இரும்புச் சாமானைக் கொண்டு வராதே, ஒரு அறையில் இத்தனை பேருக்கு மேல் உட்காராதே, மருந்தை இழுக்காதே, தூக்கி வை. சுவரில் எழுதிப் போட்டிருக்கும். அப்பா எனக்கு அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. அந்த விதிகளை வெறும் பாடமாகத் தெரிந்தவன், தீபாவளி நெருக்கத்தில் வேகமாக முடிக்கச் சொன்னால் மீறிவிடுவான். உரசினால் பொறி வரும், பொறி வந்தால் மருந்து பிடிக்கும், ஆள் குறைவாக இருந்தால் தப்பி ஓட வழி இருக்கும் என்று காரணம் தெரிந்தவன் எவ்வளவு அவசரத்திலும் மீறமாட்டான். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்தது போன்ற விபத்துகளை மறக்க முடியாத ஊர்க்காரர்கள் நாம். ஏன் என்ற கேள்வி நம் ஊரில் பரீட்சைக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. உயிரைக் காப்பாற்றும் கேள்வி.

இப்போது எங்கள் தெருவில் பத்தாவது படிக்கும் பிள்ளைகள் சாயங்காலம் என்னிடம் வருகிறார்கள். ஆறு பேர். வந்ததும் கேட்பது, அண்ணே, முக்கியமான ஃபார்முலா மட்டும் குறிச்சுக் கொடுங்க என்பதுதான். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பக்கத்து ஊரில் ஒரு டியூஷனில், காரணம் எல்லாம் கேட்காதே, எழுதினால் மார்க் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கணக்கில் போனால் அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த நாளே பயர் ஆபீஸ் வேன் காத்திருக்கிறது. ஆகவே மார்க்கும் வேண்டும், மறுக்கவில்லை.

நான் இரண்டையும் செய்கிறேன். சூத்திரத்தைக் குறித்துக் கொடுக்கிறேன். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு சூத்திரத்துக்காவது ஏன் என்று போட்டுப் பார்க்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஒன்றிலிருந்து பத்து வரை கூட்ட, முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் ஜோடி சேர்க்கச் சொன்னேன். ஒவ்வொரு ஜோடியும் 11, ஐந்து ஜோடி, விடை 55. அப்போ நூறு வரைக்கும் 50 ஜோடி, ஒவ்வொன்றும் 101 என்று ஒரு பெண் பிள்ளை எழுந்து சொன்னாள். 5050. சூத்திரத்தை நான் இன்னும் எழுதவே இல்லை! மறந்து போனாலும் அவளால் அதைத் திரும்பச் செய்துகொள்ள முடியும். பரீட்சை ஹாலில் படபடப்பில் மனப்பாடம் கலையும். தானே போட்டது கலையாது.

இராமானுஜன் மறைந்த பிறகு ஜானகி அம்மாள் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். சென்னை திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து நீண்ட காலம் தன்னைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கணவருக்கு ஒரு சிலை வைப்பார்கள் என்று காத்திருந்தார்கள். கடைசியில் அமெரிக்கக் கணித ஆசிரியர் ரிச்சர்ட் ஆஸ்கியின் முயற்சியில், உலகெங்கும் உள்ள கணிதவியலாளர்கள் பணம் போட்டு, பால் கிரான்லண்ட் என்ற சிற்பி செய்த மார்பளவுச் சிலை அவர்கள் கைக்கு வந்தது. அவர்கள் 1994-இல் மறைந்தார்கள். இராமானுஜன் பிறந்த டிசம்பர் 22-ஐ 2012 முதல் தேசியக் கணித தினமாகக் கொண்டாடுகிறோம்.

கொண்டாட்டம் நல்லதுதான். ஆனால் நண்பர்களே, நம்மில் பலர் அடுத்த வருடம் ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போய்விடுவோம். அதற்கு முன்னால் உங்கள் தெருவில் பத்தாவது படிக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஒரே ஒரு சூத்திரத்துக்கு ஏன் என்று சேர்ந்து போட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளை இராமானுஜன் ஆக வேண்டியதில்லை. ஆனால் ராமசாமி ஐயரும் நாராயண ஐயரும் செய்த வேலையை நாம் ஒவ்வொருவரும் செய்ய முடியும். அதற்குப் பட்டம் தேவையில்லை, டிப்ளமோவே தாராளம்!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை